முட்டை இருபத்தைந்து

நவம்பர் 5, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. கடல் பக்க ஜன்னலால் தண்ணீர். நான் கட்டுகிற பழைய சாரம் ஒன்றை அடியில் திணித்தேன். நேற்றுத் துவைத்த சாரமாம். மனைவி சரோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மகள் தர்ஷினி தன் கொம்பியூட்டரில் புதுச் சாமான் ஒன்று போட்டுத் தந்தாள். சி.டி.யில் நேரே எழுதுகிற சொப்ட்வெயர். முந்தி என்றால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் எழுத வேண்டும், நடுவில் கரண்ட் கண் சிமிட்டினால் டிஸ்க் குப்பை. இது பிளொப்பி மாதிரி. பைலை இழுத்து டிஸ்க் படத்தின் மேல் விட்டால் போய்க் குந்திவிடும். டைப் பண்ணப் பண்ண நேரே டிஸ்கிலேயே சேவ் பண்ணலாம். மூலையில் சின்னச் சிவப்பு வட்டம் சுற்றும். அது நிற்கும்வரை டிஸ்கைத் தொடக் கூடாது.

அழித்தால்? அழிக்கலாமாம், ஆனால் இடம் திரும்பி வராதாம். கண்ணுக்குத்தான் மறையும், உள்ளுக்குள் அப்படியே கிடக்கும். எனக்கு இந்த டிஸ்கைப் பிடித்துவிட்டது.

"அப்பா, என்ர சி டிரைவில கை வைக்காதேங்கோ. அதில இடமில்லை. எல்லாம் டிஸ்கிலதான். விளங்கிச்சோ?"

"ஓம் மிஸ்."

ஓ.எல். சோதனையில் கணக்கு இரண்டு தரம் எழுதினவனுக்கு மகள் டீச்சர். தலையெழுத்து யாரை விட்டது.

வேலை: சரோவின் கேக் புத்தகம். அவள் சொல்ல, நான் டைப் பண்ண. டிசம்பர் 3 அவளுடைய கேக் வகுப்பு முடிகிற நாள். படிக்க வருகிற எட்டுப் பெண்களுக்கும் அன்று கையில் கொடுக்க வேண்டும். போன டிசம்பர் நத்தாருக்கு ஹெவ்லொக் டவுன் மனுசி ஒருத்தி, இவளிடமே படித்துவிட்டுப் போய், இவளுடைய ரிச் கேக்கை ஆங்கிலத்தில் தன் பெயர் போட்டு அச்சடித்து விற்றாள். "விடுங்கோ," என்றுவிட்டுச் சரோ அடுப்படிக்குள் போய்விட்டாள். இருபத்தைந்து வருசக் குடித்தனத்தில் சரோவின் பெயர் அச்சில் வந்தது இரண்டே தரம். எங்கள் கலியாணக் காட், என் அப்பாவின் மரண அறிவித்தல். இரண்டிலும் என் பெயருக்குப் பின்னால்.

இது அவள் பெயரில் மட்டும். தமிழில்.

நவம்பர் 8, புதன்

வெயில். நான் வேலை செய்கிற இரும்புக்கடை ஸ்டோர்ஸில் ஆணிப் பெட்டி வந்தது, ஆணிதான் குறைவு. 

பின்னேரம் டைப்பிங். ஒற்றை விரல். தமிழ் எழுத்தென்பது வெளி வேசம்தான், தட்டுவது ஆங்கில எழுத்து. k தட்டினால் ம. பெரிய K என்றால் மு. l என்றால் ட. தமிழ் ஃபொன்ட் இருக்கிற கொம்பியூட்டரில் தமிழாய்த் தெரியும், இல்லாததில் ஆங்கிலக் குப்பையாய்த் தெரியும். தர்ஷினி ஒரு அட்டவணை எழுதி மொனிட்டரில் ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோ.

"முட்டை எத்தனை?"

"அது முட்டையைப் பாத்துத்தான்."

"புத்தகத்தில அப்பிடிப் போடேலாது சரோ. ஒரு கணக்குச் சொல்லும்."

"பெரிய முட்டையெண்டா இருபது காணும். சின்னனெண்டா இருபத்தஞ்சு."

"ஒண்டைச் சொல்லும் எண்டால்!"

"ஐயோ, உங்கட கடை ஆணியே இது, எண்ணிக் குடுக்க? இருபத்தஞ்செண்டு போடுங்கோ, போங்கோ."

போட்டேன். ரவை 500. பட்டர் 500. ஏழு நாள் ஊற வைக்க. "கொஞ்சம்" என்று சொன்ன இடமெல்லாம் நானே ஒரு தேக்கரண்டி போட்டிருக்கிறேன். அவளுக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 16, வியாழன்

லீவு போட்டுக் கொட்டாஞ்சேனை அச்சகம். பஸ்ஸில் வழக்கம்போல் நான் ஊமை, தமிழ் காதில் விழுந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வெள்ளவத்தையில் ஏறும்போது வாயை மூடினால் கொச்சிக்கடைக் கோயிலடியில்தான் திறப்பேன். சரோ கூட வந்தால் பொட்டை எடுத்துப் பேர்சுக்குள் ஒட்டிவிடுவாள். பேர்சின் உள்பக்கம் முழுக்கப் பொட்டு.

அச்சகக்கார பெனடிக்ற் டிஸ்கைப் போட்டார். பார்த்தார். எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"அண்ணை, இதுக்குள்ள கேக் இல்லை."

"இருக்குது."

"தூள்கூட இல்லை அண்ணை. வெறும் டிஸ்க்."

வெட்கம். வீட்டுக்கு வந்தால் தர்ஷினி தலையில் கை வைத்தாள். டிஸ்கை வெளியே எடுக்கும்போது அந்தச் சொப்ட்வெயர் ஒரு கேள்வி கேட்டது: இப்படியே விடவா, எல்லா மெஷினிலும் வாசிக்கிற மாதிரி மூடவா? மூடினால் பிறகு ஒன்றும் சேர்க்க முடியாதாம். அந்தப் பயத்தில் "இப்படியே விடு" அமத்தினேன். திறந்து கிடக்கிற டிஸ்கை, அந்தச் சொப்ட்வெயர் இல்லாத மெஷினுக்கு வாசிக்கத் தெரியாதாம்.

சரோ கடைசி முறையாக லவ் கேக்கில் ஏலக்காயைத் திருத்தினாள். மூடினேன். சிவப்பு வட்டம் சுற்றி நின்றது. கொஞ்சம் கவலையாய்த்தான் இருந்தது.

நவம்பர் 20, திங்கள்

இன்றைக்கு நடந்ததை மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

டிஸ்கோடு திரும்ப அச்சகத்துக்குப் போகிற வழியில், கோட்டைக்கு இந்தப் பக்கம் செக்பொயின்ட். எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் பையைத் திற என்றார்கள். ஆமிக்காரப் பெடியன் டிஸ்கை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மே மொனவத?"

"கேக்," என்றேன். வேறென்ன சொல்ல?

டிஸ்கைக் காட்டிக் கேக் என்கிறவனை யார் விடுவான். பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. தமிழ் ஃபொன்ட் இல்லை. இன்ஸ்பெக்டர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, நடுநடுவே இலக்கம். ஒரு வரியில் விரலை வைத்தார்.

Kl;il 25

"கில் ருவென்ரி பைவ்," என்றார். பிறகு சிங்களத்தில், மெதுவாக: "யாரைக் கொல்ல?"

முட்டை. K என்றால் மு, l என்றால் ட. கடவுளே, நானே என் ஒற்றை விரலால் தட்டியது.

"பித்தர, சேர்! முட்டை! பித்தர!"

என் சிங்களம் சாமான் வாங்கக் காணும், உயிரைக் காப்பாற்றக் காணாது. முழுவதையும் வாசித்துச் சொல் என்றார். அட்டவணை வீட்டு மொனிட்டரில். மேசையில் விரலால் தட்டித் தட்டி, விரலுக்கு ஞாபகம் இருந்ததை வாசித்தேன், பியானோக்காரன் மாதிரி. ரவை ஐந்நூறு. பட்டர் ஐந்நூறு. பேக்கிங் பவுடர்...

"பவுடர்?" பின்னால் நின்ற கான்ஸ்டபிள் நிமிர்ந்தான்.

அதை விட்டு அடுத்த வரிக்குப் பாய்ந்தேன். காற்றுப் புகாமல் ஏழு நாள் மூடி வைக்கவும். இன்னும் மோசம்.

வீட்டு நம்பர் கேட்டுப் போன் எடுத்தார். சரோவிடம் ஒரே ஒரு கேள்வி: உன் கேக்குக்கு எத்தனை முட்டை? நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபத்தஞ்செண்டு சொல்லடி அம்மா. இந்த ஒருநாள் மட்டும் கணக்காய்ச் சொல்லு.

அவர் போனை வைத்தார்.

"உன் மனைவி இருபது என்கிறாள். நீ இருபத்தைந்து என்கிறாய். மிச்ச ஐந்து பேர் யார்?"

எனக்குச் சிரிப்பும் மூத்திரமும் ஒன்றாய் வந்தது.

பக்கத்து மேசைப் பெண் கான்ஸ்டபிள் எழும்பி வந்தாள். எழுத்தை விட்டு இலக்கங்களை மட்டும் விரலால் பார்த்துக்கொண்டு போனாள். "சேர், இது ரிச் கேக். எங்கட அம்மாவும் இந்தக் கணக்குத்தான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து: "பெரிய முட்டை என்றால் குறைக்கலாம், இல்லையா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்ப சுடுவது அதுதான். அவர்கள் சிரித்ததல்ல, நானும் சேர்ந்து சிரித்தது.

போ என்றார்கள். டிஸ்க்? அது விசாரணைக்கு இருக்கும்.

"டிஸ்க் இல்லாமல் போகமாட்டேன்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே தெரியும். வேறு பிரதி கிடையாது. சி டிரைவில் கை வைக்காத நல்ல பிள்ளையல்லவா நான், எல்லாம் அந்த டிஸ்கில்தான். அங்கே கிடந்த வாங்கில், மரப் பெஞ்சில், குந்தினேன். அவர்கள் பகிடி என்று நினைத்தார்கள். மத்தியானம் போனது. தேத்தண்ணி தந்தார்கள், குடிக்கவில்லை. (குடித்திருக்கலாம்.) பின்னேரம் சரோ, நாங்கள் கொழும்பில் இருக்கிறதுக்கான பொலிஸ் பதிவுத் துண்டோடு ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. உங்களை விட்டதே காணும்."

"புத்தகம் உள்ள கிடக்குது சரோ."

"நீங்கள் உள்ள கிடந்தா நான் என்ன செய்ய?"

எழும்பினேன்.

நவம்பர் 23, வியாழன்

மூன்று நாளாய் வேலைக்குப் போக முதல் அந்த வாங்கில். செவ்வாய்: பிறகு வா. புதன்: பெரியவர் இல்லை. இன்று: மேலே அனுப்பியாயிற்று. மேலே என்றால்? கை கூரையைக் காட்டியது. கூரையில் ஒரு மின்விசிறி.

பெனடிக்ற் போனில்: "அண்ணை, பேசாம இங்கிலிசில அடிப்பம். ஆபத்தில்லை."

தர்ஷினி: "எக் எண்டு போட்டா ஆரும் பயப்பிடமாட்டினம் அப்பா."

"முட்டைக்குப் பேர் முட்டை, பிள்ளை. அதைப் பாத்துப் பயப்பிடுறவனுக்காக நான் பேர் மாத்தேலாது."

"அந்த ஹெவ்லொக் டவுன் மனுசியின்ர புத்தகமும் இங்கிலிசுதானே, அழகாத்தானே இருக்குது."

சரோ சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து குரல் மட்டும்: "விடுங்கோ. புத்தகம் இல்லாட்டிக் கேக் வேகாதே?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். போன நத்தாருக்கும் இப்படித்தான் சொன்னாள்.

விடமாட்டேன். தைரியசாலி என்று இல்லை. கரப்பான் பூச்சிக்கு மேசையில் ஏறுகிறவன் நான். ஆனால் சிரித்துவிட்டேனே, அதுக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

நவம்பர் 26, ஞாயிறு

வெள்ளி காலை நான் கொம்பியூட்டரைப் போட்டுவிட்டு வெறுமனே குந்தியிருந்தேன். இரண்டு வார வேலை, எங்கே தொடங்க? சரோ மாப் பூசின கையோடு வந்து கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"எழுதுங்கோ. ரிச் கேக்."

பார்க்காமல் சொன்னாள், கடகடவென்று. நான் திருட்டுத்தனமாய்ப் போட்ட தேக்கரண்டிகள் எல்லாம் இந்தமுறை பிடிபட்டன. "ஆர் சொன்னது கராம்பு ஒரு தேக்கரண்டியெண்டு? ஆளைக் கொல்லவே?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்றைக்குப் பிறகு முதல் சிரிப்பு. இது எங்கள் சிரிப்பு.

முட்டை வந்ததும் நிறுத்தினாள். "ரெண்டையும் போடுங்கோ. பெரிசெண்டா இருபது, சின்னனெண்டா இருபத்தஞ்சு. பொலிஸ் கேட்டாலும் நான் சொன்னதுதான் சரி."

போட்டேன்.

இன்று முடிந்தது. செய்தவை:
டிஸ்க் இரண்டு. இரண்டும் மூடியது.
தமிழ் ஃபொன்ட் டிஸ்குக்குள்ளேயே. எவன் திறந்தாலும் போட்டு வாசிக்கட்டும்.
சி டிரைவில் ஒரு பிரதி. தர்ஷினிக்குத் தெரியாது. (இதை அவள் வாசித்தால்: ஓம், கை வைத்தேன்.)
டிஸ்கின் முகத்தில் கறுப்பு மார்க்கரால் தமிழில், பெரிதாக: சரோஜினியின் கேக் வகைகள்.

பெனடிக்ற் அச்சடிக்க நாலு நாள் வேணுமாம். செவ்வாய்க்குப் பிந்தினால் டிசம்பர் 3 இல்லை. தர்ஷினி ஆட்டோவில் உள் றோட்டால் போகச் சொல்கிறாள். நான் போவது அதே பஸ். அதே றோட்டு.

நவம்பர் 28, செவ்வாய்

நல்ல வெயில். சரோவும் வந்தாள். தனியே விட்டால் திரும்பப் பொலிஸ் வாங்கில் குந்திவிடுவேனாம். ஏறும்போது அவள் பேர்சைத் திறப்பாள் என்று பார்த்தேன். திறக்கவில்லை. பொட்டு நெற்றியிலேயே.

செக்பொயின்ட். இறங்கினோம். நீள வரிசை. அதே பெடியன். பையைத் திறக்கச் சொல்ல முதலே டிஸ்கை எடுத்து நீட்டினேன். 

என்னை அடையாளம் கண்டான். "ஆ, கேக் மாத்தயா." கேக் ஐயாவாம். டிஸ்கைத் திருப்பினான். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "மே மொனவத?"

சிங்களத்தில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது தமிழ். அதுவும் ஸ்டோர்ஸில் லொறிக்காரனைக் கூப்பிடுகிற சத்தத்தில்.

"ரிச் கேக்! ரவை ஐந்நூறு! பட்டர் ஐந்நூறு! முட்டை இருபத்தஞ்சு!"

இருபது என்பதை வேண்டுமென்றே விட்டேன். கேக் விசயத்தில் எனக்கும் ஒரு சொல் இருக்க வேண்டாமா.

வரிசை அப்படியே நின்றது.  அந்த இடத்தில் இவ்வளவு சத்தமாய்த் தமிழை நான் கேட்டதில்லை, என் வாயிலிருந்துகூட. பெடியன் டிஸ்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

அப்போது வரிசையின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். முகம் தெரியவில்லை. தமிழில், உரத்து:

"பெரிய முட்டையெண்டா இருபது காணும்!"

இன்னொரு குரல்: "ஓம், ஓம், இருபது காணும்." யாரோ சிரித்தார்கள். பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிஸ்கை என் கையில் வைத்து, போ போ என்று கை காட்டினான்.

சரோ என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டீங்களே, இருபதாம்?" என்றாள். அவளும் சத்தமாகத்தான்.