கோபித்துப் பிரிந்தவர்கள் சேர்ந்து வாசித்த டிவிடி

அன்பான அப்பாவுக்கு,

சுவிஸ் நொஷாட்டலிலிருந்து நிரோஜா. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெரு நாட்டுக்காரி மார்த்தா, சனிக்கிழமை ஒரு டிவிடியோடு வந்தாள். இளமையில் சண்டைபிடித்துப் பிரிந்த லத்தீன் ரொக் இசைக்குழுவொன்று, முதுமையில் மறுபடி ஒன்றுசேர்ந்து வாசித்த கச்சேரி. மேளக்காரரும் கிற்றார்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. சோற்றுப் பானையைக் கவிழ்த்து நானும் தாளம் போட்டேன், மார்த்தா ஆடினாள். கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். ஏசப் போகிறார் என்று பயந்தேன்.

"நானும் வரலாமோ?" என்றார். மூவரும் வேர்க்க வேர்க்க ஆடினோம்.

"உன்ர அப்பா இப்பவும் வாசிக்கிறவரோ?" என்று மார்த்தா கேட்டாள்.

"அவரோட சேர்ந்து கிற்றார் வாசிச்ச அருள்நேசன் மாமாவோட கோபம். அதுக்குப் பிறகு பொங்கோ மேளத்தைத் தொடுறேல்லை."

"இவையளின்ர கோபத்தை விடப் பெரிசோ?" என்று சிரித்தாள்.

போனில் சொன்னால் கதையை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மாமா வீட்டுக்கு ஒருக்கால் போங்கோ அப்பா. இருவரும் வாசிப்பதைத் தம்பியைக் கொண்டு படம்பிடித்து அனுப்புங்கோ. நீளமாக இருக்கட்டும். வேலை முடிந்து வந்தால் என் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

பஸ் வருகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
நிரோஜா