பீரோவில் வைத்த பில்டர்

அன்புள்ள ஷாரோன் கண்ணுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை, அது என்னால் வந்தது. நீ அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினம் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ என்னிடம் பேசும்போதெல்லாம் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், தன்னிடம் பேசாவிட்டாலும் உன் குரலாவது காதில் விழட்டும் என்று. அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை. அடுத்த தெரு காவேரி லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து அவர் பகலில் தூங்கி விழுந்ததற்குத்தானே நீ அந்த மூச்சு மெஷினை வாங்கிக் கொடுத்தாய். அதை மாட்டாமல் படுத்தார், அதனால்தான் கம்பெனி பஸ் ஓட்டும்போது கண் அசந்து ஒரகடம் ரோட்டு நடுச்சுவரில் உரசினார் என்று நான்தான் உனக்குச் சொன்னேன். ஷிப்ட் முடித்த பிள்ளைகள் பஸ் நிறைய இருந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, அது ஆண்டவர் செய்தது. நீ அவரைக் கூப்பிட்டு, உங்கள் பிடிவாதத்துக்கு ஊரான் வீட்டுப் பிள்ளைகள் சாகணுமா என்று கேட்டாய். அதோடு அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை கண்ணு. நான் உன்னிடம் சொன்னது பாதிதான், மீதிப் பாதி எனக்கே அப்போது தெரியாது.

அந்த மெஷினில் காற்றை வடிகட்டப் போடும் பில்டர் பொட்டலம் நீ கொடுத்தனுப்பினாயே, அதன் மேல் உன் கையெழுத்தில் அப்பாவுக்கு என்று எழுதியிருந்தாய். அதைப் பிரிக்க எனக்கு மனசே வரவில்லை. நல்ல பொருளை எடுத்த எடுப்பில் வீணாக்கக் கூடாது என்று பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தேன். மெஷினில் இருந்த பழைய வெள்ளை பில்டரையே சோப்புப் போட்டு அலசி அலசி மாட்டினேன், நம் பக்கத்து லாரிப் புழுதி உனக்குத் தெரியாததா, எத்தனை அலசினாலும் கறுத்துப்போகும். அது நைந்து கிழிந்த பிறகுதான் உன் பொட்டலத்தைப் பிரித்துப் புதுசு மாட்டினேன். அன்றைக்கே அவர் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, நாற்றம் அடிக்கிறது, தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். நானும் மோந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, நம் பீரோ வாசனைதான், நல்ல நாளில் புடவை எடுக்கும்போது வருமே அதுதான். மாட்டாமல் இருக்கச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்து, பெண் கால் வீங்க நின்று சம்பாதித்து அனுப்பியது உங்களுக்கு நாறுகிறதா என்று கேட்டுவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியுமே. அதற்கப்புறம் நான் பார்க்கும்போது மாட்டுவார், நான் தூங்கியதும் கழற்றி வைத்துவிடுவார், காலையில் அப்படியே வண்டி எடுக்கப் போய்விடுவார்.

பஸ் உரசி, காண்ட்ராக்டர் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று உட்காரவைத்த பிறகு, எதற்கும் மெஷினையும் பார்த்துவிடலாம் என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சர்வீஸ் பார்க்கும் ராஜசேகர் தம்பியை வரச் சொன்னேன். பில்டர் மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்தத் தம்பி. "இன்னாம்மா, அந்துருண்டையோட வச்சிருந்தீங்களா? இது தூசியத்தான் நிறுத்தும், வாசனைய நிறுத்தாது. பூச்சி சாவுற மருந்த மனுசன் மூச்சுல வுட்டுகினு இருந்திருக்கீங்க" என்றது. வெள்ளை பில்டரோடு இருக்கும் சாம்பல் நிறப் பஞ்சை மட்டும் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டலாமாம், வெள்ளையை அலசவே கூடாதாம், கறுத்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். இந்த மாடலுக்கென்றே வருவதாக, சந்து விடாமல் உட்காருவதாகப் பார்த்து வாங்க வேண்டுமாம். நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டால் இந்த வாசனை போய்விடாதா என்று கேட்டேன், அந்தத் தம்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. வாசனை ஏறிப்போன குழாயையும் மாஸ்கையும் கூட மாற்றிவிட்டுப் போனது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் அழுதுகொண்டே ஷாரோனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வாணாம். பொண்ணு ஆசையா அனுப்புனது. அதனாலதான் இப்படி ஆச்சின்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சி பூடும். என் மேலயே கோவமா இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அவர் பேச்சைத் தட்டித்தான் இதை எழுதுகிறேன். நீ அனுப்பியது நல்ல பொருள் கண்ணு, அதைக் கெடுத்தது நான். அவர் சொன்னதை ஒரு தரம் நம்பியிருந்தால் போதும், அந்தப் பஸ் உரசியிருக்காது, நீயும் அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்க மாட்டாய். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்து இப்போதும் பாதித் தூக்கத்தில் எழுந்து ஜெபிக்கிறேன்.

இப்போது தினமும் மாட்டுகிறார், பகலில் கண் அசருவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபடி வண்டி கொடுப்பதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார், கொடுக்கிறாரோ இல்லையோ. மீதி பில்டரை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன், உன் எழுத்து இருந்த கவரை மட்டும் பீரோவில் வைத்திருக்கிறேன், அதில் என்ன வாசனை ஏறினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. இனிமேல் நீ பில்டர் அனுப்ப வேண்டாம், அந்தத் தம்பியிடமே வாங்கிக்கொள்கிறோம்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அப்பாவுக்கு நீயே போன் செய். அவர் படுக்கும் முன்னால் செய், மாஸ்க் மாட்டிவிட்டால் பேச முடியாது. கொஞ்ச நாளாக மாட்டுவதற்கு முன்னால் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பில்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜம்மா