கண் கூசும் வீடு

ஜூன் 3
அக்கா வந்து நான்கு நாள் ஆகிறது. கண் அழுத்த நோயில் பாதிப் பார்வை போய்விட்டது. இனி என்னோடுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவள் இன்னும் செய்யவில்லை.

கூடத்தில் சுவரோரமாகவே நடக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நடுவுல தண்ணி நிக்குதே, துடைக்க மாட்டியா?"

தண்ணீரெல்லாம் இல்லை. நான் ஆசை ஆசையாக மெருகேற்றிப் போட்ட சாம்பல் நிறக் கல். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுகிறது.

ஜூன் 5
பெரிய விளக்குகளாக மாற்றினேன். "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்குடி," என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

ஜூன் 8
சாப்பாட்டு அறைக்கு இறங்கும் ஒற்றைப் படியில் விழுந்துவிட்டாள். முழங்கால் வீங்கிவிட்டது. படி தெரியட்டும் என்றுதானே நேற்று அதன் மேல் பளிச்சென்று சிவப்புக் கம்பளம் விரித்தேன்?

"முதியோர் விடுதியில ரூம் காலியா இருக்காம். நான் போயிடறேன். உனக்கு எதுக்குப் பாரம்?"

பாரமாம். எனக்கு வேற யாரு இருக்கா? அதை அவளிடம் சொல்லாமல் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் வீடு வரைஞ்சு குடுக்கறேன். கூடப் பிறந்தவ விழாம நடக்க ஒரு வீடு போடத் தெரியல. பெரிய கெட்டிக்காரிதான் நான்.

ஜூன் 9
கட்டி முடித்த வீட்டைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். எது வெளிர், எது அடர்த்தி என்று அதில் தெரிந்துவிடும். சொந்த வீட்டை எடுத்ததே இல்லை. இன்று எடுத்தேன்.

கம்பளமும் தரையும் ஒரே சாம்பல். படியைக் காணவே காணோம். நிறம் மங்கிப்போன கண்ணுக்குச் சிவப்பை விரித்திருக்கிறேன் – அவளுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கிறது, பாவம்.

ஜூன் 12
மெருகைத் தேய்த்து எடுக்கச் சொன்னதும் தரை போட்டவருக்குத் தலை சுற்றிவிட்டது. "நீங்க சொல்லித்தானேம்மா மூணு தடவ ஏத்துனோம்?" ஆமாம், நான்தான் சொன்னேன். இப்போது எடுங்கள் என்றேன். கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, படி விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. "ரோட்டுக் கோடு மாதிரி இருக்கு," என்றார். இருக்கட்டும்.

ஜூன் 17
நாற்காலிகளையும் மாற்றிப் போட்டேன். இத்தனை நாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசியிருக்கிறேன். அவளுக்கு நான் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். இன்று வெளிச்சம் என் முகத்தில் விழ, எதிரே உட்கார்ந்தேன். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டி இப்படி இளைச்சுப் போயிருக்கே? விடுதிக்குப் போன் பண்ணி நான் வரலைன்னு சொல்லிடு. நாளையிலேர்ந்து சமையல் நான்தான்."