பதினேழாம் எண் தாள்

4.12.78
காலையில் பால்காரனிடம் இரண்டு வார்த்தை. அதோடு சரி. வீட்டுக்காரர் ஆறு மணிக்கே ஹவுரா கிளம்பிவிட்டார். ஆலைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் பம்ப் வைத்து, கரிப்புகையைத் தாளில் பிடித்து, ஈயம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று பார்க்கிற உத்தியோகம். கல்யாணமாகி கல்கத்தாவுக்கு, இந்த ஜாதவ்பூருக்கு வந்து எட்டு மாதம். எனக்கு இன்னும் வங்காள மொழி வரவில்லை.

9.12.78
அடுப்பு மூட்டும்போது இருமல்.

12.12.78
சாப்பிடும்போது தானாகவே பேசினார். “நிலக்கரியில துளித்துளியாத்தான் ஈயம் இருக்கும், பூங்கோதை. எரிஞ்சா புகையோட வந்துடும். பிள்ளைங்களுக்கு ரொம்பக் கெடுதல்.”
“நம்ம அடுப்பும் நிலக்கரிதானேங்க?”
“ஆலையும் அதுவும் ஒண்ணா?” கை கழுவப் போய்விட்டார்.
எனக்கு மூன்றாம் மாதம். அது அவருக்கு ஞாபகம் இருந்ததா?

17.12.78
மறுநாள் வேலைக்காகப் பம்ப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் மார்க்கெட் போனதும் அடுப்பை மூட்டி, புதுத் தாள் செருகி, பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தாள் கறுத்துப்போனது. உறையில் போட்டு 17 என்று எழுதி, அவருடைய பதினாறு உறைகளோடு வைத்துவிட்டேன். திருட்டுத்தனம்தான் — வேற என்ன பண்ண? சொன்னா காதுல விழுந்தாத்தானே!

29.12.78
பதறிக்கொண்டு வந்தார். “பதினேழாம் தாள்ல ஈயம் மத்ததைவிட மூணு மடங்கு. எந்தத் தெருன்னே தெரியல. ஆபீஸே தேடுது.”
“நம்ம அடுக்களைங்க.”
கத்துவார் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். “தினம் எத்தனை மணி நேரம் அங்க நிக்கிற?” என்றார்.
அழுகை வந்துவிட்டது. நாலு என்று விரலைக் காட்டினேன்.

30.12.78
மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. அவரே பற்றவைத்து டீ போட்டார். சகிக்கவில்லை. முழுவதும் குடித்தேன்.

21.1.79
ஆபீஸில் வீட்டு அடுப்புகளையும் அளக்கச் சொல்லிவிட்டார்களாம். “ஆம்பளைன்னு அடுக்களைக்குள்ள என்னை விடமாட்டாங்க. நீ வர்றியா?”
எதிர்வீட்டு வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்தார். உள்ளே நான் மட்டும். பம்பை ஓடவிட்டதும் மாஷிமா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த வீட்டுப் பெரியம்மா என் வயிற்றைப் பார்த்தார். இந்தப் புகையில் நிற்காதே என்பதுபோல் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிவந்து, என் மடியில் பச்சைப் பட்டாணியைக் கொட்டினார். உரித்தோம். ஏதேதோ சொன்னார், பாதி புரியவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் பம்பை நிறுத்திவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.