திரைக்குப் போர்த்திய பொன்னாடை

அன்று மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லாமல் விட்டது உன் பெயரை. அதைச் சொல்லத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நம்மவர்கள் நடத்தும் நிகழ்ச்சியில் அறிவிப்பாளருக்கு வேறென்ன வேலை? பெயரைச் சொல்ல வேண்டும், முன்னால் ஒரு அடைமொழி சேர்க்க வேண்டும், கைதட்டல் அடங்கும்வரை சிரித்த முகமாக நிற்க வேண்டும்.

இன்று மத்தியானம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பொன்னாடை வாங்கப் போயிருந்தேன். நம் கல்லூரியின் இந்த வருடக் கலை மாலை நிகழ்ச்சிக்கு. கடைக்கார ஆன்டி பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒன்றை உருவி, கேட்காமலே என் தோளில் போட்டுப் பார்த்தார். புதுத்துணியின் கஞ்சி வாடை.

“டத்தோ பட்டம் வாங்கினவங்க யாராச்சும் வராங்களா? வந்தா இது பத்தாதுலா. பெரிய ஜரிகை எடு. போட்டோல நல்லா விழும்.”

போட்டோ என்றதும் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். துணியைத் தோளிலிருந்து எடுக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். “பிடிச்சிருந்தா நீயே வச்சிக்கம்மா” என்று ஆன்டி சிரித்தார்.

நம் கல்லூரியைப் பற்றி வெளியில் சொன்னால் பெரிய வளாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீழே மசாஜ் நிலையம், அதற்கு மேலே இரண்டு மாடி, மொட்டைமாடிக்குக் கீழ் ஒரு சின்ன அரங்கம். மோனோரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். பாடுகிறவர்கள் சுருதியை விட்டுவிடாமல் இருக்கக் காதைப் பொத்திக்கொள்வார்கள். நீ மட்டும் பொத்த மாட்டாய். “இது போற சத்தம்தானே, போகட்டும்” என்பாய்.

மியன்மாரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், தமிழ் பேசுகிறாள் என்று சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. நீ வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். உனக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. பாட்டு வரிகளை வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, சுத்தமான தமிழில் பாடினாய். நாங்கள் பேசுவதுதான் உனக்கு வேடிக்கை. “உங்க பேச்சுல மலாயையும் இங்கிலீசையும் எடுத்துட்டா மிச்சம் என்னடி இருக்கும், மூச்சா?” என்று கேட்டாய். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நான்தான் அறிவிப்பாளர் என்பதால் எனக்கு ‘மைக்கம்மா’ என்று பெயர் வைத்தாய். மேடையை விட்டு இறங்கினால் நாலு பேரிடம் பேசத் தயங்குகிற என்னைப் பார்த்து அப்படிக் கூப்பிட உனக்குத்தான் தைரியம் வந்தது.

உன் பழைய கல்லூரியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் முழுதாகச் சொன்னாய். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், ரசத்துக்குக் காத்திருக்கும்போது. அதுவும் சின்னக் கல்லூரிதான். சண்டை உங்கள் ஊரை நெருங்கியதும் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வாரா வாரம் ஒரு வகுப்பறையில் நாடகமும் பாட்டும் நடத்தினீர்கள். கூட்டம் கூடுவதே குற்றம் என்பதால் மேடையில் யாருடைய முகமும் தெரியக் கூடாது. ஒரு போர்வையைக் கட்டி, பின்னால் டார்ச் விளக்கு வைத்து, நிழலாக நின்றீர்கள். பெயர் கிடையாது. உன் தம்பி மிருதங்கத்தின் மேல் துண்டைப் போர்த்தி விரல் நுனியால் வாசிப்பான்.

“கைதட்டக்கூடாது, ரோட்டுக்குக் கேட்டுரும். அதனால எல்லாரும் ரெண்டு கையையும் தேய்ப்போம்” என்று சொல்லி, மேசைக்கு மேலே உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டினாய். “ஒரு ரூம் முழுக்கத் தேய்ச்சா எப்படியிருக்கும் தெரியுமா? மழை வர மாதிரி இருக்கும்.”

பக்கத்து மேசைக்காரர் நீ சாப்பாட்டுக்கு அவசரப்படுவதாக நினைத்து, “அண்ணே, இங்க ரசம்!” என்று உனக்காகக் கத்தினார். நீ சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது.

அந்த வருடக் கலை மாலையில் நீ பாட வேண்டும் என்று முதலில் கேட்டது நான். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பிரகாஷ் அண்ணன் தயங்கினார். “அவங்க நாட்டுல சண்டை நடக்குது. இந்த நேரத்துல மேடை ஏத்தினா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?” நீயே பதில் சொன்னாய். “சண்டை நடக்குதுன்னு அங்க யாரும் சோறு வைக்காம இருக்கலண்ணே. பாட்டும் அப்படித்தான்.”

உன் பயம் வேறு. உன் தம்பிக்குப் பட்டாளத்தில் சேரச் சொல்லி ஆள் வந்துவிட்டுப் போயிருந்தது. அவன் வீட்டில் இல்லாமல் எங்கெங்கோ தங்கிக்கொண்டிருந்தான். அக்காள் மலேசியாவில் மேடையேறிச் சண்டைக்காலப் பாட்டுப் பாடுகிறாள் என்று ஒரு படம் போய்ச் சேர்ந்தால் போதும், முதலில் அம்மாவை விசாரிப்பார்கள், பிறகு அவனைத் தேடுவார்கள். “பாடாம இருக்கவும் முடியல, மைக்கம்மா” என்றாய்.

அதனால் எல்லாவற்றையும் யோசித்தோம். சுவரொட்டியில் உன் பெயர் இல்லை. உன் பாட்டு வரும்போது நேரலையை நிறுத்த பிரகாஷ் அண்ணன் ஒத்துக்கொண்டார். வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, மூங்கில் சட்டத்தில் கட்டித் திரை செய்தோம். கைப்பேசிகளைப் பைக்குள் வைக்கச் சொல்லி நான் மேடையில் கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பாடி முடித்தவரை மேடைக்கு நடுவே அழைத்து, பெயர் சொல்லி, சிறப்பு விருந்தினர் கையால் பொன்னாடை போர்த்தி, படம் எடுக்கும் வழக்கம். அது இல்லாமல் ஒரு நிகழ்ச்சியை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனாலேயே அது ஒருவர் நினைப்பிலும் வரவில்லை.

செலாயாங் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கும் உன் ஊர்க்காரர்கள் வேலையை முடித்துவிட்டு வந்து கடைசி இரு வரிசைகளில் உட்கார்ந்தார்கள். தலையை நன்றாக வாரியிருந்தார்கள். விளக்கு அணைந்தது. திரையில் உன் நிழல் எழுந்தது. உன் தம்பி மெட்டமைத்த பாட்டு: “அடுப்பெரியுது, ஆளைக் காணோம், வந்து சேரு, வந்து சேரு.” அவ்வளவுதான் பல்லவி. நடுவில் மோனோரயில் போனது. நீ நிறுத்தவில்லை. அது போய் முடிந்தபோது உன் குரல் அதே இடத்தில் இருந்தது.

அரங்க விளக்கு வந்ததும் கைதட்டல். திரைக்குப் பின்னால் உன் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த டத்தோ எழுந்து மேடைக்கு வந்துவிட்டார். யாரோ பழக்கத்தில் பொன்னாடையை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பிரகாஷ் அண்ணன், அதே பழக்கத்தில், உன் முழுப்பெயரை எழுதிய துண்டுச்சீட்டை என்னிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. படம் எடுப்பவர் முட்டிபோட்டுத் தயாராக இருந்தார்.

“எங்கம்மா அந்தப் பொண்ணு? வெளிய வரச் சொல்லு, வெக்கப்படாம” என்றார் டத்தோ, மைக்கில் கேட்கும்படி.

திரைக்குப் பின்னால் நீ அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. அழைத்தால் வந்துவிடுவாய் என்று பயந்தேன். பெரியவர் ஒருவரைக் காக்கவைக்கிற பழக்கம் உனக்கு இல்லை. சீட்டை உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டேன்.

“மன்னிக்கணும் டத்தோ. இந்தக் கலைஞரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இவர் வெளியே வந்தால் இவருடைய ஊரில் ஒருவருக்கு ஆபத்து. பொன்னாடையைத் திரைக்கே போர்த்திவிடுங்கள்.”

முன்வரிசையில் யாரோ “என்னலா இது, நாடகமா?” என்றார்கள். டத்தோ துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. செலாயாங்கிலிருந்து வந்த எல்லாரும் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கிக் காய்த்த கைகள். சத்தம் கரகரப்பாகவே இருந்தது.

“ஏர்கோன் ரொம்பக் குளிருதோ?” என்று ஒரு பையன் கேட்டான். அவன் பக்கத்திலிருந்தவள் அவனை இடித்துவிட்டுத் தானும் தேய்க்க ஆரம்பித்தாள். பிறகு அந்த வரிசை, அதற்கு முன்வரிசை. ஏன் என்று தெரியாமலே அரங்கம் முழுவதும் தேய்த்தது. நீ சொன்னது சரிதான். மழை வருவது போலத்தான் இருந்தது.

டத்தோ திரைக்கு அருகில் போனார். கேமராவைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினார். மூங்கில் சட்டத்தின் மேல், உன் நிழலின் தோள் உயரம் பார்த்து, பொன்னாடையைப் போட்டார். உன் நிழல் கும்பிட்டது. அவரும் கும்பிட்டார். அவர் இறங்கிப் போகும்போது என்னிடம், “முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? எனக்கு வேர்த்துப்போச்சு” என்றார்.

நீ அந்தப் பொன்னாடையைச் செலாயாங்குக்குக் கொண்டுபோய், சோறு சூடாக இருக்க ரைஸ் குக்கருக்குப் போர்த்திவிட்டாய். நான் பார்த்துவிட்டுத் திட்டியபோது, “டத்தோ போர்த்தின சோறுடி, சாப்பிடு” என்று தட்டில் போட்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி. ஊசி, சலைன், ரத்த அணு எண்ணிக்கை என்று ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்தபோதும் உனக்குத் தம்பியின் கவலைதான். அவனிடமிருந்து பல வாரமாகச் செய்தி இல்லை. நான் கடைசியாகப் பார்க்க வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. உன் ஊர்க்காரர்களும் நாங்களும் சேர்ந்துதான் இறுதிச் சடங்கு செய்து உன்னை வழியனுப்பினோம். உன் அம்மா இன்னும் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். அதனால் இந்த மடலிலும் உன் பெயரை எழுதவில்லை. மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.

மைக்கை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், “உங்கள் பெயரைச் சொல்லலாமா? எப்படிச் சொல்லட்டும்?” என்று கேட்கிறேன். பலர் விழிக்கிறார்கள். கேள்வியே புரியாமல் சிரிக்கிறவர்களும் உண்டு. சிலர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகப் பதில் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம் அக்கா, பாடினாப் போதும்” என்றாள். உன்னால் எனக்கு வந்த வேலை இது. நான் செய்கிற வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இன்னொன்று. அது உனக்குத் தெரியாமல் போய்விட்டது என்பதால் எழுதுகிறேன். நீ போன மறு வருடம் உன் தம்பி எல்லை தாண்டிவிட்டான். தாய்லாந்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். இப்போது கிள்ளானில் என் மாமா வீட்டில் இருக்கிறான். காலையில் வேலைக்குப் போகிறான், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான்.