மூச்சை விடு, ரோசலின்

ஜனவரி 6, திங்கள்
அந்தமானில் எங்கள் வண்டூர் லகூனில் இன்று பதினாறு பேரை ஸ்நார்க்கல் கூட்டிப்போனேன். ஒருத்தர்கூடப் பவளத்தை மிதிக்கவில்லை. மிதிக்க விடுவேனா? கரைக்கு வந்தால் எங்கள் டைவ் சென்டர் பலகையில் நோட்டீஸ். பிப்ரவரியிலிருந்து சிலிண்டர் டைவிங் கார்டு இல்லாத யாரும் கெஸ்ட்டோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். கார்டு இல்லாவிட்டால் கிச்சன் டூட்டி.

பதினோரு வருஷமாக இந்தத் தண்ணீரில் கிடக்கிறவளுக்குக் கார்டு, அதுக்கு ஒரு டெஸ்ட்டாம்! வைக்கட்டும். ஊதித் தள்ளிவிடுவேன்.

ஜனவரி 9
கரையில் சிலிண்டர் முதுகை ஒடித்தது. உள்ளே போனதும் கனமே தெரியவில்லை. கிளிமீன் பவளத்தைக் கறுக் கறுக்கென்று கொறிக்கிறதை அரை மணி நேரம் பக்கத்திலிருந்து பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்த்ததில்லை.

ஜனவரி 15
ஃபெயில். நான்!

அடியில் அசையாமல் மிதந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். எதிரே ஆமை வந்தது. மூச்சை அடக்கிவிட்டேன். சின்ன வயசில் அப்பாவோடு வெறும் மூச்சில் முக்குளித்த பழக்கம், எதைப் பார்த்தாலும் மூச்சு தானாக நின்றுவிடும். நெஞ்சு நிறையக் காற்று, பலூன் மாதிரி மேலே போய்விட்டேன்.

டெஸ்ட் வைக்கிற பிரவீன்குமார் சாருக்கு இருபத்தாறு வயசு. "அக்கா, சிலிண்டர் போட்டுட்டு மூச்சை அடக்கி மேல வந்தா நுரையீரலே கிழிஞ்சிடும். மத்ததெல்லாம் என்னைவிட நல்லா செய்றீங்க. மூச்சை விடுங்கக்கா."

படகு ஓட்டுகிறது என் வீட்டுக்காரர் ஜேசுதாசன். கேலி பண்ணுவார் என்று பார்த்தேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 17
மறுபடி அடக்கினேன். ஏன்டி ரோசலின், காத்தைச் சேத்து வெச்சு என்ன பண்ணப் போற?

ஜனவரி 19, ஞாயிறு
பூசைக்கு முன் ஜெபமாலை. ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதியை ஒருத்தர் சொல்ல, பின்பாதியைக் கூட்டம் சொல்லும். சட்டென்று பிடிபட்டது — முன்பாதிக்கு மூச்சை இழு, பின்பாதிக்கு விடு. பின்பாதி சொல்லாமல் யாராவது அடுத்ததுக்குப் போவார்களா? சிரித்துவிட்டேன். மகள் ஷெர்லின் கிள்ளினாள்.

ஜனவரி 27
இன்று ஆமை வரவில்லை. புள்ளித் திருக்கை வந்தது, என் பாய் அகலத்துக்கு! மனசுக்குள் முன்பாதி, பின்பாதி, முன்பாதி, பின்பாதி. ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம் வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றேன். மாதா மன்னிக்கட்டும், கண் முழுக்கத் திருக்கை மேல்தான்.

பாஸ்.

பிப்ரவரி 4
கார்டு வந்தபின் முதல் டைவ். புனேயிலிருந்து ஒரு தம்பதி. நாற்பது நிமிஷம் சுற்றிக்காட்டி மேலே வந்தால், தலைக்கு நேரே எங்கள் படகு, அதில் வீட்டுக்காரர்.

"எப்படிங்க இவ்ளோ கரெக்டா நிக்கிறீங்க?"

"குமிழி வருதுல்ல, அதைப் பாத்துக்கிட்டே வந்தேன். போன மாசம் நின்னு நின்னுதானே வந்துச்சு. நிக்கிறப்பல்லாம் எனக்கு உயிரு போயிட்டு வரும். மாலூம் உனக்கு, தெரியுமா?"

இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை இந்த மனுஷன். கெஸ்ட் முன்னால் அழக் கூடாதென்று கழற்றின மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.