அப்பாவின் தலைப் படம்

நவம்பர் 8, 1986. சனி

விடாத தூறல். துவைத்த எதுவும் காயவில்லை. காலை ரயிலில் மெட்ராஸிலிருந்து திரும்பினோம். அப்பா, அண்ணன், நான். அப்பாவின் தலையைப் படம் எடுத்தாயிற்று. மூளை சுருங்கவில்லை, வயதுக்கேற்ற அளவுதான் என்றார் டாக்டர். அண்ணன் உடனே எழுந்துவிட்டார். படத்தில் அளவுதான் தெரியும், வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கவனித்து வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு. என் காதில்தான் விழுந்தது.

ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியெல்லாம் அண்ணன் பார்ப்பவர்களிடம் சொன்னார், அப்பாவுக்கு ஒன்றும் இல்லையாம். மாலை வீட்டில் ஜெபமாலை. அப்பாதான் சொன்னார், நீளமான மன்றாட்டு மாலையும் புத்தகம் பார்க்காமல். எதிர்வீட்டு லூர்து அக்காவுக்கு ஆச்சரியம். எல்லோரும் போனதும் அப்பா என்னிடம், "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா? இருட்டிப் போச்சே."

புதன்

தலைவலி. அப்பா சோற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குழம்போடு. "மூளை முழுசா இருக்குதாம்ல. அப்புறம் எதுக்கு இந்த நடிப்பு?" என்றார் அண்ணி. அண்ணன் அப்பாவின் கையில் அடித்தார். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கள் முதல் நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு தையல் கடைக்குப் போக வேண்டுமாம். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனால் வீட்டில் யார்? அம்மா போனதும் ஒன்பதாவதோடு என்னை நிறுத்தியதே அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான்.

ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"அண்ணே, படத்துல அளவு மட்டும்தான் தெரியும்னாரு டாக்டரு. அப்பாவைத் தனியா விட வேணாம்."

"ஒன்பதாவது படிச்சவ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அண்ணி சிரித்தார். படம் பீரோ மேல்.

திங்கள்

கடையில் கொக்கி மாட்டக் காஜா எடுக்கக் கொடுத்தார்கள். இரண்டு ரவிக்கை. திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நகரவேயில்லை. தெருமுனையிலேயே லூர்து அக்கா நின்றிருந்தார். அப்பா குளிக்க வெந்நீர் போட்டாராம். கொதித்ததைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவாமல் அப்படியே மேலே ஊற்றிக்கொண்டார். பெரியாஸ்பத்திரி.

செவ்வாய்

மார்பு, வயிறு, தொடை எல்லாம் கட்டு. வலியில் முனகுகிறார். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"இனிமே நீ கடைக்குப் போக வேணாம். அப்பாகூடவே இரு."

நான் கேட்டது அதைத்தான்.